எல்லா இடமும் ஒரே சூடு

சோவொல் மாவட்டத்தில் ஒருவர் வீடு கட்டினால், சுவர் நேராக நிற்கிறதா, கூரை ஒழுகுமா என்று பார்க்க ஒரே ஒரு எழுத்தர்தான் வருவார். அவரும் வாசலில் நின்றபடியே ஒரு குவளை பார்லித் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். தரைக்கு மட்டும் ஒரு மன்றமே இருக்கிறது. தரைச் சூட்டுச் சமநிலை மன்றம். தலைவர் ஒருவர், செயலர் ஒருவர், உறுப்பினர் ஒன்பது பேர், அமர்வாளர் பன்னிரண்டு பேர். அமர்வாளர் என்றால் யார் என்று அவசரப்படாதீர்கள், அவர்களும் வருவார்கள்.

அந்த மலைப்பக்கத்தில் குளிர்காலம் வந்துவிட்டால் தரைதான் அடுப்பு, தரைதான் நாற்காலி, தரைதான் கட்டில். பழைய வீடுகளில் அடுப்பு எரிகிற பக்கத்துத் தரை சுடும். வாசல் பக்கத்துத் தரை சில்லென்று கிடக்கும். சூடான இடம் வயதில் மூத்தவருக்கு, வந்த விருந்தாளிக்கு, உடம்பு முடியாதவருக்கு. இதை யாரும் எழுதி வைத்ததில்லை. உள்ளே வருகிறவர் முதலில் மறுப்பார், வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுப்பார், கடைசியில் உட்காருவார். அவ்வளவுதான் சட்டம்.

ஏழு வருடங்களுக்கு முன்னால் முதியோர் கூடத்தில் இரண்டு பெரியவர்கள் அந்தச் சூடான இடத்துக்காகச் சண்டை போட்டு, ஒருவருடைய பொய்ப்பல் உடைந்தது. மாவட்ட ஆபீஸ் விசாரணை நடத்தியது. பெரியவர்கள் மேல் குற்றமில்லை, தரைமேல்தான் குற்றம் என்று தெரியவந்தது. ஒரே தரையில் ஓரிடம் சூடாகவும் ஓரிடம் குளிர்ச்சியாகவும் இருப்பதால்தான் மனிதர்களுக்குள் மேல், கீழ் உண்டாகிறது என்று அறிக்கை எழுதினார்கள். மன்றம் பிறந்தது. இனிமேல் கட்டுகிற எந்த வீட்டிலும் தரைக்கடியில் ஓடுகிற வெந்நீர்க் குழாய் எல்லா இடத்திலும் ஒரே சாண் இடைவெளியில்தான் ஓட வேண்டும். யாருக்காவது அதற்கு மாறாக வேண்டுமென்றால் மன்றத்தின் அனுமதி வேண்டும். பொய்ப்பல் உடைந்தவருக்கு மன்றத்தின் வாழ்த்து மடல் ஒன்று கிடைத்தது.

மெங் சாங்கு இதையெல்லாம் பத்திரிகையில் படித்துச் சிரித்தவர்தான். முப்பத்து நான்கு வருடம் மலைக்கும் கடற்கரைக்கும் இடையே பஸ் ஓட்டியவர். தன் பஸ்ஸில் இடது பக்கம் மூன்றாவது இருக்கைக்கு அடியில்தான் ஹீட்டர் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சியோ முடியாதவர்களோ ஏறினால் கண்ணாடியிலேயே பார்த்து, "அம்மா, மூணாவது சீட்டு" என்று சொல்லிவிடுவார். அவர் மனைவி ஜொம்ரே, அதே முப்பத்து நான்கு வருடமும் சந்தையில் சிமெண்டுத் தரையில் குந்தியிருந்து உலர்ந்த மீன் விற்றவள். அந்தச் சிமெண்டு அவளுடைய வலது இடுப்பைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பழைய மூட்டெலும்பை எடுத்துவிட்டு இரும்பில் ஒரு உருண்டை வைத்துத் தைத்தார்கள். "ஊருக்குக் குளிர் வர்றதுக்கு முன்னாடி இந்த இரும்புக்கு வந்துடுது" என்பாள்.

கல்யாணமான புதிதில் அவர்கள் வாடகைக்கு இருந்த அறையில் சூடான இடம் ஒரு மடித்த மெத்தை அகலந்தான். சாங்குவின் சோற்றை மூடி போட்ட பித்தளைக் கிண்ணத்தில் வைத்து, அந்த இடத்தில் போர்வைக்கடியில் பொத்தி வைப்பாள் ஜொம்ரே. அவர் எந்த நேரத்துக்கு வந்தாலும் சோறு ஆவி பறக்கும். கிண்ணத்தின் இடம் கலையக் கூடாது என்று அவள் வாசல் பக்கம் சுருண்டு படுத்துக்கொள்வாள். அவள் சாப்பிடுவது சட்டியடியில் ஒட்டிக்கிடக்கிற ஆறிப்போன சோறு.

ஒரு குளிர்காலம் போர்வைக்கடியில் இரண்டு கிண்ணம் இருந்தது. சாங்குவின் ஊர்ப் பையன் தாக் சூபொங், அரசாங்க உத்தியோகத் தேர்வு எழுத வந்து அவர்கள் அறையிலேயே நான்கு மாதம் தங்கிப் படித்தான். அவனுக்கென்று ஒரு கிண்ணம் வாங்கினாள் ஜொம்ரே. தேறிவிட்டான் என்று தெரிந்த அன்று அவன் துள்ளிய துள்ளலில் அதன் மூடி கீழே விழுந்து சப்பையானது. அந்தக் கிண்ணம் அவள் அலமாரியில் இன்னும் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை சாம்பல் போட்டுத் தேய்ப்பாள்.

"நம்ம சொந்த வீடுன்னு ஒண்ணு கட்டினா, அந்தச் சூடான இடம் உனக்குத்தான்" என்று அந்த நாளிலேயே சாங்கு சொல்லியிருந்தார். சொல்லி நாற்பது வருடம் ஆனது. இப்போது வீடு எழும்பிக்கொண்டிருந்தது.

தளம் போட்டுக் காய்ந்த மறுநாள் ஜொம்ரேயைக் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு சாக்குக்கட்டி.

"படு."

"இங்கயா? வெறும் சிமெண்டுலயா?"

"ரெண்டே நிமிஷம். எப்பவும் எப்படிப் படுப்பியோ அப்படிப் படு."

தென்பக்க ஜன்னலுக்குக் கீழே, வலிக்கிற இடுப்பு தரையில் அழுந்த, ஒரு முழங்காலை வெளியே மடித்து, மறுகாலை நீட்டி, கையைத் தலைக்கு வைத்து அவள் படுத்தாள். சாங்கு அவளைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டார்.

"கூசுது, ஐயோ! என்னங்க இது, சட்டை தைக்க அளவெடுக்கிறீங்களா?"

"ஆடாத. முழங்கால் வளைவுல இருக்கேன்."

அந்த நேரம் பார்த்துக் குழாய் போடுகிற மேஸ்திரி பியன் உள்ளே வந்தார். ஜொம்ரே எழுந்து ஜன்னலோரம் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். தரையில் வெள்ளைக் கோட்டில் ஒரு ஆள் கிடந்தது. பியன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"ஐயையோ... யாருங்க போனது? போலீசு வந்துட்டுப் போயிட்டாங்களா?"

"நான்தான் போனது" என்றாள் ஜொம்ரே பின்னாலிருந்து. "சூடு பத்தாமப் போயிட்டேன். குழாயை நெருக்கிப் போட்டீங்கன்னா திரும்பி வந்துடுவேன்."

பியன் சிரித்து முடித்துவிட்டுக் காகிதத்தை விரித்தார். மற்ற இடமெல்லாம் சாண் இடைவெளி. கோட்டுக்குள்ளே மட்டும் நாலு விரல். இடுப்புக்குக் கீழே இரண்டு சுற்று, மடித்த முழங்காலுக்கு ஒரு கொக்கி, நீட்டிய காலுக்கு ஒரு வால். வரைந்து முடித்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருஷமா குழாய் போடறேன். இப்படி ஒண்ணு போட்டதில்ல. நண்டை மிதிச்ச மாதிரி இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மன்றத்துல விடுவாங்களா?"

"அங்க செயலர் யாரு? நம்ம சூபொங்" என்றார் சாங்கு.

சூபொங் தானாகவே வந்தான். வயது அறுபதைத் தாண்டியும் சாங்குவின் வாயில் அவன் அவன்தான். ஜொம்ரே வைத்த பயற்றுக் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். வரைபடத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். விரலால் அந்த நண்டின்மேல் தடவினான்.

"அண்ணே, இது நல்லா இருக்கே! குழாய் ஒரே வீச்சுல போய் வருது. எங்க ஆளுங்களுக்கு இப்படி ஒண்ணு தோணுமா?"

"அனுமதி கிடைக்குமாடா?"

"எங்கிட்ட விடுங்க. அண்ணி, இது உங்க சோறு தின்ன உடம்பு. நான் இருக்கறப்ப உங்களுக்கு ஒரு குறை வந்துடுமா?"

வரைபடத்தை நான்காக மடித்துக் கோட்டின் உள்பையில், நெஞ்சுப் பக்கமாக வைத்துக்கொண்டு போனான். ஜொம்ரே வாசல்வரை நொண்டிக்கொண்டே போய் வழியனுப்பினாள்.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். ஒன்பதாவது கேள்வி: "மேற்படி அறையில் அமரக்கூடியோர் எத்தனை பேர், எந்தெந்தப் பருவத்தில், எவ்வகைக் கீழாடையுடன்?" சாங்கு வெகுநேரம் யோசித்து, "இரண்டு பேர். குளிர்காலத்தில், இருக்கிற எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு" என்று எழுதினார்.

பத்து நாள் கழித்து அமர்வாளர்கள் ஐந்து பேர் வந்தார்கள். தரையில் உட்கார்ந்து பார்த்துச் சூட்டைச் சொல்வது அவர்கள் வேலை. அதற்கு எழுத்துத் தேர்வு உண்டு, நேர்முகம் உண்டு, நான்கு மாதப் பயிற்சி உண்டு. பன்னிரண்டு இடத்துக்கு எழுநூறு பேர் போட்டி போட்டார்களாம். ஆளுக்கொரு அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. அதில் முகம்தான் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சாங்குவின் வீட்டில் இன்னும் குழாய் போடவில்லை. அமர்வாளர்கள் வரைபடத்தின் பெரிய பிரதி ஒன்றைத் தளத்தின்மேல் விரித்தார்கள். காலணியைக் கழற்றினார்கள். ஐந்து பேரும் காகிதத்தின்மேல் ஐந்து இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சாங்கு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "தம்பி, இதுக்குள்ள குழாயே இல்லையே?"

அவர்களில் மூத்தவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "அதனாலதான் ஐயா துல்லியமா இருக்கும். குழாய் போட்டுட்டா தண்ணியோட சூடு, வெளிக்குளிரு எல்லாம் குறுக்க வந்து தொந்தரவு பண்ணும்."

நண்டின்மேல் ஒரு ஒல்லியான பெண் உட்கார்ந்திருந்தாள். மற்ற நால்வரும் எழுந்த பிறகும் அவள் எழவில்லை. கடைசியில் எழுந்து படிவத்தை நிரப்பினாள். போகும்போது ஜொம்ரேயின் காதில், "அம்மா, இந்த இடம் அவ்வளவு சுகமா இருக்கும்மா. எழுந்திருக்கவே மனசு வரல" என்றாள்.

"அப்ப அதையே எழுதேன்டி கண்ணு."

"எழுதிட்டேன்மா. அதான் சிக்கல்."

அந்தச் சிக்கல் ஒன்றுமில்லை, விசாரணை என்று ஒன்று வைப்பார்கள், வெறும் சடங்கு என்று சூபொங் போனில் சொன்னான். "அண்ணி, நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்தச் சோத்துக் கதைய அப்படியே உங்க கையால எழுதிக் குடுங்க. கிண்ணம், போர்வை, நீங்க வாசல்கிட்டப் படுத்தது, ஒண்ணு விடாம. மனசு உருகிடணும்."

மீன் விலையைத் தவிர வேறெதையும் எழுதியிராத ஜொம்ரே, மூன்று நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினாள். சூபொங்கின் கிண்ணத்து மூடி சப்பையானதையும் எழுதினாள். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடியையும் வரைந்தாள்.

விசாரணை மன்றத்தின் பழைய கூடத்தில் நடந்தது. அந்தக் கட்டடம் பழசு. அடுப்புப் பக்கம் ஒரு கோடி சுட்டது, வாசல் பக்கம் மறுகோடி உறைந்தது. சூடான கோடியில் தலைவர் குவாக் கோட்டைக் கழற்றிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசல் கோடியில் சாங்குவும் ஜொம்ரேயும் கால்விரலைக் கால்விரலோடு தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சாங்குவால் அடக்க முடியவில்லை. "தலைவர் ஐயா, இந்தத் தரை சமமா இல்லையே?"

குவாக் கோபப்படவில்லை. அனுதாபத்தோடு சிரித்தார். "பலபேர் இப்படித்தான் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. இது சமநிலைக்காக உழைக்கிற இடம். சமநிலையான இடம் இல்ல. வைத்தியர் காய்ச்சலோட உட்கார்ந்துக்கிட்டா வைத்தியம் பாக்கறாரு? குளிர்ல நடுங்குறவன் நியாயமா யோசிக்க முடியாது, அதனால நாங்க இங்க இருக்கோம். நீங்க யோசிக்க வேண்டியதில்ல, அதனால அங்க இருக்கீங்க."

உறுப்பினர் ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். தலைவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பலமாக ஆட்டினார். வாசல் பக்கம் வரவர ஆட்டம் குறைந்தது.

பிறகு சூபொங் எழுந்தான். கையில் ஜொம்ரேயின் மூன்று பக்கம். அவளுடைய எழுத்தை அவன் கணீரென்று வாசித்தான். கிண்ணம் வந்தது, போர்வை வந்தது. உறுப்பினர் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். ஜொம்ரே சாங்குவின் கையை இடித்து, "பாருங்க, எப்படிப் படிக்கிறான்" என்றாள்.

சூபொங் காகிதத்தை மடித்தான்.

"மன்றத்தாரே, யோசித்துப் பாருங்கள். ஒரே அறை. ஒரு பித்தளைக் கிண்ணத்துக்குக் கிடைத்த சூடு ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை! அவள் வாசலில் சுருண்டு கிடக்கிறாள். யார் காரணம்? கணவனா? இல்லை. அந்தச் சூடான மூலை! அந்தச் சோற்றைத் தின்றவர்களில் நானும் ஒருவன் என்பதை இந்த மன்றத்தில் மறைக்காமல் சொல்கிறேன். நான்கு மாதம் தின்றேன். அந்த அநீதியின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அதைத் தின்றுதான் தேர்வில் தேறினேன். தேறியதால்தான் இன்று, இன்னொரு வீட்டில் அப்படி ஒரு மூலை உண்டாகாமல் தடுக்கிற இடத்தில் நிற்கிறேன். அந்தச் சோற்றுக்கு நான் வேறு எப்படி நன்றி செலுத்துவது?"

கைதட்டல் எழுந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வையாகவும் இருக்கலாம். நாலு விரல் இடைவெளி மறுக்கப்பட்டது. வரைபடம் மன்றத்தின் பாதுகாப்பில் வைக்கப்படும் என்று எழுதிக்கொண்டார்கள்.

வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஜொம்ரே கேட்டாள்: "நம்மளப் பத்தி நல்லாத்தானே பேசினான்?"

சாங்கு பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"கைகூடத் தட்டினாங்களே?"

"ஜொம்ரே, உனக்கு மூலை கிடையாதுன்னு சொல்லிட்டாங்க."

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அவன் என்ன பண்ணுவான் பாவம். மேல இருக்கறவங்க எழுதிக் குடுத்ததைப் படிச்சிருப்பான். நம்ம வீட்டுல சாப்பிட்ட பிள்ளை அவன்."

குழாய் போடுகிற நாளில் மன்றத்து ஆட்கள் இரண்டு பேர் மரச்சட்டம் ஒன்றோடு வந்து, கம்பி வலையில் கட்டிய ஒவ்வொரு சுற்றையும் அளந்தார்கள். சாக்குக்கட்டிக் கோட்டை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்கள். மேஸ்திரி பியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தார். தலை போனது, தோள் போனது, கடைசியாக முழங்கால். அதன்மேல் சாந்து ஊற்றி மூடினார்கள். பாய்லரின் திருகை ஓரிடத்தில் நிறுத்தி, அதற்குமேல் போகாதபடி அரக்கு முத்திரை வைத்தார்கள். "சமநிலைத் தரை" என்று ஒரு சான்றிதழ் கொடுத்து, விருந்தாளி கண்ணில் படுகிற இடத்தில் மாட்டச் சொன்னார்கள்.

பனி விழுந்தது. தரை நெடுக ஒரே சூடு. உள்ளங்கை வைத்தால், யாரோ உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன இடம் போலிருக்கும், அவ்வளவுதான். ஜொம்ரே முதலில் ஜன்னலோரம் படுத்துப் பார்த்தாள். பிறகு சுவரோரம். பிறகு சமையலறைத் தொட்டிக்குக் கீழே, குழாய்கள் பிரிகிற பித்தளைக் கட்டைப் பக்கமாக முதுகை வைத்துப் பார்த்தாள். காலையில் எழுந்து நிற்க அவளுக்குச் சாங்குவின் இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"அந்தப் பய இங்க வரட்டும்" என்பார் சாங்கு.

"வந்தா வரட்டும். சோறு போடுவேன்" என்பாள் அவள்.

அவன் வரவில்லை. அழைப்பிதழ் வந்தது. மன்றத்துக்குப் புதுக் கட்டடம். திறப்பு விழாவில் முன்மாதிரித் தரை வைத்திருக்கிற குடும்பங்களுக்குப் பாராட்டு. கீழே சூபொங் தன் கையால் எழுதியிருந்தான்: "அண்ணி அவசியம் வரவும்."

சாங்கு கிழித்துப் போடப் போனார். ஜொம்ரே பிடுங்கிக்கொண்டாள். அன்று விடியற்காலையிலேயே எழுந்து சோறு வடித்தாள். அலமாரியிலிருந்து சப்பை மூடிக் கிண்ணத்தை இறக்கி, சோற்றை நிறைத்து, மூடி, பழைய போர்வைத் துண்டில் மூன்று சுற்றுச் சுற்றினாள். கரண்டியைத் தனியாகக் கைக்குட்டையில் முடிந்தாள்.

"எதுக்கு இது?"

"புதுக் கட்டடத்துக்கு வெறுங்கையோடயா போறது? புது இடத்துக்கு வழக்கமாக் குடுக்கிற சோப்புத்தூளும் கழிவறைக் காகிதச் சுருளும்தான் எல்லாரும் கொண்டுவருவாங்க. அவனுக்கு நான் இதைக் குடுக்கிறேன். பாத்தவுடனே பழசெல்லாம் ஞாபகம் வரும். தனியாக் கூப்பிட்டுச் சொன்னா, அந்த முத்திரையையாவது எடுத்து விடுவான்."

புதுக் கூடம் பளபளவென்று இருந்தது. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வைத்த முதல் அடியிலேயே, "அட, நம்ம வீட்டுத் தரைதான்" என்றார் சாங்கு. வாசலருகே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கூடத்தின் குழாய் வரைபடம் தொங்கியது. மூன்று வண்ணத்தில், வயல் உழுத மாதிரி நேர்நேரான கோடுகள். கடைசியில், மேடைப் பக்கம், தலைவர் உட்காருகிற இடத்தில் மட்டும் கோடுகள் நெருங்கி நெளிந்திருந்தன. இரண்டு சுற்று. ஒரு கொக்கி. ஒரு வால்.

சாங்கு சட்டென்று அவளுக்கு முன்னால் வந்து நின்று மறைத்தார். "வா, அந்தப் பக்கம் போகலாம்."

"நகருங்க" என்றாள் ஜொம்ரே. கிட்டப் போய்ப் பார்த்தாள். "இது என் காலு."

கீழே எழுதியிருந்ததையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "தலைமை இருக்கைப் பகுதி. சிறப்பு வடிவமைப்பு: செயலர் தாக் சூபொங்."

படித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வாசல் பக்கம் முன்மாதிரிக் குடும்பங்களுக்குப் போட்டிருந்த மெத்தையில் உட்கார்ந்து, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

தலைவர் குவாக் உட்கார்ந்தபடியே பேசினார். "இந்தக் கூடம் முழுக்க ஒரே சூடு. ஒரே ஒரு இடத்துல கொஞ்சம் கூட இருக்கும். அது சலுகை இல்ல, சுமை. பொறுப்பு எங்க கூடுதோ அங்க சூடும் கூடணும். அந்தச் சூட்டை உங்க எல்லாருக்காகவும் நான் ஒருத்தனே தாங்கிக்கிறேன்." பேச்சுக்கு நடுவே அவர் நெளிந்துகொண்டே இருந்தார். இடப்பக்கமாகச் சாய்ந்தார், வலப்பக்கமாகச் சாய்ந்தார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருக்கிறது என்பதை மறந்து செயலரிடம் கிசுகிசுத்தது கூடம் முழுக்கக் கேட்டது: "சூபொங், இது என்னய்யா, ஒரு பக்கம் வேகுது, ஒரு பக்கம் விறைக்குது?"

"பழகிடும் ஐயா."

ஜொம்ரே எழுந்தாள். பாராட்டு வாங்க வருகிறாள் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவு நீளக் கூடத்தையும் நொண்டி நொண்டி அவள் கடப்பதற்குள் கைதட்டல் இரண்டு முறை ஓய்ந்து மறுபடி தொடங்கியது. தலைவர் சான்றிதழ் கொடுக்க எழுந்து நின்றார். எழுந்ததில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. ஜொம்ரே அவரைச் சுற்றிக்கொண்டு போய், அவர் இருந்த இடத்தில் இடுப்பை இறக்கினாள். முழங்காலை வெளியே மடித்தாள். மறுகாலை நீட்டினாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

இதுவும் நிகழ்ச்சி நிரலில் உண்டு என்று போட்டோக்காரர் நினைத்துவிட்டார். நாலு படம் எடுத்தார்.

சூபொங் ஓடிவந்து பக்கத்தில் குனிந்தான். "அண்ணி... எழுந்திருங்க அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க."

"என் காலு இது சூபொங்."

"நல்ல வடிவம் அண்ணி. வீணாப் போகக் கூடாதேன்னுதான்... உங்களுக்குத்தான் அனுமதி கிடைக்கலையே."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கள்ளம் இருந்ததா என்று சாங்கு வாசலிலிருந்து உற்றுப் பார்த்தார். இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஜொம்ரே போர்வைத் துண்டைப் பிரித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. சப்பை மூடியைக் கண்டதும் சூபொங்கின் கை தானாக நீண்டது. மூடியை எடுத்தாள். ஆவி வந்தது.

"உனக்குன்னு கொண்டுவந்தேன்" என்றாள்.

கைக்குட்டையிலிருந்து கரண்டியை எடுத்தாள். எடுத்து, தானே சாப்பிடத் தொடங்கினாள். அவசரமில்லாமல், தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல், ஒவ்வொரு வாயாக. சூடான இடத்தில் உட்கார்ந்து சூடான சோற்றை அவள் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. தலைவர் சான்றிதழைப் பிடித்தபடி நின்றார். உறுப்பினர் ஒன்பது பேரும் நின்றார்கள். சூபொங் நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். சுவரோரம் அந்த ஒல்லியான அமர்வாளர்ப் பெண் படிவம் ஒன்றை எடுத்து, ஒரே வரி எழுதி, மறுபடி சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டாள்.

கடைசிப் பருக்கையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஜொம்ரே மூடியைப் போட்டாள். காலிக் கிண்ணத்தை அவன் கையில் வைத்தாள்.

"இந்தா, உன் கிண்ணம். இனிமே நீயே வச்சுக்கோ. எங்க வீட்டுல இதை வைக்க இடமில்ல. எல்லா இடமும் ஒரே சூடு."

சாங்கு வந்து இரண்டு கையையும் கொடுத்தார். அவள் எழுந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. சாங்கு அவளை இடது பக்கம் மூன்றாவது இருக்கையில் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் மலை ஏறத் தொடங்கியது. மூன்றாவது வளைவில் ஜொம்ரே உள்ளங்கையைத் திறந்து பார்த்து, "அடடா" என்றாள்.

"என்ன?"

"அவன் கரண்டி. குடுக்க மறந்துட்டேன்."

"தூக்கி எறி."

அவள் எறியவில்லை. கைக்குட்டை முனையால் அதைத் துடைத்தாள், ஒட்டியிருந்தது ஒன்றுமில்லை, இருந்தும் துடைத்தாள்.

"சட்டியில இன்னும் சோறு இருக்கு" என்றாள். "அவன் ரெண்டாவது தடவை கேப்பானேன்னு சேத்து வடிச்சேன்."

சாங்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கரண்டியைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டே வந்தாள், வீடு வருகிறவரை.